இதை யார் தூக்கிட்டு வந்தா?

வட்டக்கானலில் டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையில், போன மாதம் ஒரு பையனும் பெண்ணும் என்னை நிறுத்தினார்கள். முதுகில் ஆளுயரப் பை. பெங்களூரில் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள். வெள்ளகவிக்கு நடந்து போகிறார்களாம். வழி கேட்பார்கள் என்று கையை நீட்டத் தயாரானேன். அந்தப் பெண் கேட்டது வேறு. "அங்கிள், வெள்ளகவியில நல்ல ரெஸ்டாரன்ட் இருக்கா? பெருசா எல்லாம் வேணாம், டீசன்ட்டா இருந்தா போதும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "டீ கிடைக்கும்மா. சொல்லி வச்சா யாராவது வீட்டுல சோறாக்கித் தருவாங்க. எதுக்கும் இங்கயே பார்சல் கட்டிக்கங்க. ஊருக்குள்ள நுழையறப்ப செருப்பைக் கழட்டிருங்க" என்றேன். செருப்பு விஷயத்தை நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு ரெஸ்டாரன்ட் தெரியாது என்பதில்லை. உலகமெல்லாம் படமெடுத்து மாட்டி வைத்திருக்கும் ஒரு பாட்டு அரங்கத்தின் கூரைக்கு உள்ளேயே உட்கார்ந்து, துணி விரித்த மேசையில் முள்கரண்டியோடு மல்லுக்கட்டியவன் நான். மார்கழி வந்தால் சென்னை சபாக்களின் கேன்டீன்களில் டோக்கனும் கையுமாக நின்றவன். ஆனால் பாட்டும் சாப்பாடும் ஒன்றுக்கொன்று முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று எனக்குத் தெரிந்தது வெள்ளகவியில்தான்.

எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. மேலே வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்களா, கோயில்களுக்கு நடுவே வீடுகளா என்று தெரியாதபடி ஒட்டி ஒட்டி இருக்கும். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லையில் உள்ள கோயிலோடு செருப்பு நின்றுவிடும். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், கல்யாணத்துக்குப் பித்தளை அண்டா, எல்லாமே குதிரை முதுகிலோ ஆள் தலையிலோதான் வரும். நோயாளியைக்கூட டோலி கட்டித்தான் இறக்குவார்கள். கடையில் ஒரு விலை என்றால் எங்கள் வாசலில் வேறு விலை. நடுவில் சுமைகூலி இருக்கிறது.

அப்பாவுக்கு இதனால் ஒரு பழக்கம் வந்திருந்தது. புதிதாக எதைப் பார்த்தாலும் விலையைக் கேட்க மாட்டார். "இத யாருடா தூக்கிட்டு வந்தா?" என்றுதான் கேட்பார். ஒரு சுவர்க் கடிகாரம் வந்தாலும் அதே கேள்வி, பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை வந்தாலும் அதே கேள்வி. தூக்கி வந்தவன் பெயரைச் சொன்னால்தான் சாமானைத் தொட்டே பார்ப்பார்.

அந்தக் கேள்விக்கு ஒரு குடும்ப வரலாறும் உண்டு. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில் மோட்டார் ரோடு என்ற பேச்சே இல்லை. வெள்ளைக்காரர்கள் பெரியகுளம் பக்கமிருந்து குதிரையிலும் டோலியிலும்தான் மலை ஏறினார்கள். அவர்களுடைய கட்டில், கண்ணாடி, தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஆள் சுமையாக வந்தன. எங்கள் பூட்டன் ஒரு துரையம்மாளின் பியானோவைத் தூக்கியவர்களில் ஒருவர் என்று அப்பா சொல்வார். மூச்சு வாங்கி இறக்கி வைக்கும்போதெல்லாம் அது தானாக 'ணங்'கென்று பாடுமாம். பாட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்காமல் தூக்கியதால்தான் தோள் இறங்கிவிட்டது என்று பூட்டன் கடைசிவரை புலம்பினாராம். இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு அப்பாவின் சரக்கு என்று எனக்குத் தெரியாது.

பியானோவுக்குப் பிறகு நான் கண்ணால் பார்த்த பாட்டுச் சுமை, ஹார்மோனியம். ஊர்த் திருவிழாவுக்கு மதுரையிலிருந்து நாடகம் வரும். 'வள்ளி திருமணம்'தான். வேறு நாடகம் போட்டால் ஊர் ஒத்துக்கொள்ளாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ்காரி, மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லாரும் கும்பக்கரையில் காலையிலேயே ஏற ஆரம்பிப்பார்கள். ஹார்மோனியக்காரர் மட்டும் தன் பெட்டியைக் குதிரையில் ஏற்ற விடமாட்டார். "குதிரைக்குச் சுருதி தெரியுமாய்யா?" என்று கேட்டுவிட்டுத் தானே தலையில் வைத்துக்கொண்டு வருவார். பாதி மலையில் அந்தக் கௌரவம் கரைந்துவிடும். எங்கள் சித்தப்பா வாங்கிக்கொள்வார்.

ஊர் எல்லையில் எல்லாரும் செருப்பைக் கழற்றுவார்கள். ஸ்திரீபார்ட் அம்மாளின் பாதத்தில் கொப்புளம் வந்திருக்கும். பெண்கள் உட்கார வைத்து, விளக்கெண்ணெயைச் சுட வைத்துத் தடவிவிடுவார்கள். அதே பெண்கள்தான் அன்றைக்கு ராத்திரி அந்த அம்மாளைக் கண்டபடி விமர்சனம் செய்வார்கள். வள்ளி தினைப்புனம் காத்து ஆலோலம் பாடுகிற கட்டம். முன்வரிசையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே காட்டில் கிளி விரட்டுகிறவர்கள். பாட்டு முடிந்து ஊரே உருகி நிற்கும்போது எங்கள் அத்தை சத்தமாகவே சொல்வாள்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ கவண் பிடிக்கிற லட்சணத்துக்குக் கிளி கதிரையும் தின்னுபுட்டு இவ தலையில எச்சமும் போட்டுட்டுப் போயிரும்." பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஸ்திரீபார்ட் அம்மாளும் சிரித்துவிடுவார்.

சமையல் கோயிலுக்குப் பின்புறம். கல் கூட்டி அடுப்பு, கிடா வெட்டு, மொச்சை போட்ட குழம்பு. ஊரார் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் நாடகத்துக்கு உட்காருவார்கள். பாடுகிறவர்கள் கதை வேறு. ராஜபார்ட் முதலில் கொஞ்சம் ரசம் சோறு மட்டும் சாப்பிடுவார். வயிறு கனத்தால் மேல் ஸ்தாயி எட்டாது. அவருடைய கறி தனியாக ஒரு தூக்குச்சட்டியில் விடியும்வரை காத்திருக்கும். அதை நாய் அண்டாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற பின்னிரவுக் காட்சியை நான் பல வருடம் கண்ணால் பார்த்ததில்லை. சட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இருட்டில் காதால்தான் கேட்டேன். விடிந்ததும் ராஜபார்ட் கிரீடத்தைக் கழற்றி, அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு சம்மணம் போட்டு உட்கார்வார். முதல் எலும்பை எடுத்து எனக்குத்தான் கொடுப்பார். முருகன் கையால் நல்லி எலும்பு வாங்கித் தின்றவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த நாடகத்தை இன்றைக்கு நாம் ஆடும் வடிவத்தில் எழுதித் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். வசனத்தைவிடப் பாட்டு அதிகம், சண்டையே பாட்டில்தான் நடக்கும், பின்பாட்டும் பக்கவாத்தியமும் மேடையிலேயே இருக்கும். ஐரோப்பாவில் ஆப்ரா என்கிறார்களே, அதற்கு நம்மிடம் நெருங்கிய சொந்தம் சபாக் கச்சேரி அல்ல, இந்த இசை நாடகம்தான் என்பது என் கட்சி. மயிலாப்பூர்க்காரர்கள் யாராவது கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மயிலாப்பூர்க்காரர் என்றதும் அவர் ஞாபகம் வருகிறது. சென்னையில் குமாஸ்தா வேலை கிடைத்துப் போன புதிதில் என் செக்‌ஷனில் மூத்தவர். டிசம்பர் பிறந்தாலே அவருக்கு ஃபைலில் கண் நிற்காது. ஒருநாள் மேசையைத் தட்டி, "இன்னிக்கு நீ என்கூட வரே. அகாடமி" என்றார். நானும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். வாசலில் கூட்டம் ஒரு பக்கம் போக, அவர் வேறு பக்கம் இழுத்தார். "பாட்டு எங்கயும் ஓடிப் போயிடாது. ரவா தோசை தீர்ந்துடும்."

மியூசிக் அகாடமி, 1927இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டை ஒட்டிய இசை மாநாட்டின் யோசனையாகப் பிறந்து, அடுத்த வருடம் அமைப்பாக உருவானது. இப்போதுள்ள கட்டடத்துக்கு 1955இல் நேரு அடிக்கல் நாட்டினார். அரங்கம் 1962இல் திறந்தது. இதெல்லாம் அவர் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு எடுத்த பாடம். கல்வெட்டுகளைவிட அவருக்கு அடுப்புகள்தான் அத்துபடி. எந்த வருடம் எந்த சபாவில் யார் சமையல் என்பதைக் கச்சேரிப் பட்டியலோடு சேர்த்தே மனப்பாடமாக வைத்திருந்தார். அறுசுவை நடராஜன், ஞானாம்பிகா, மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்று சமையற்காரர்களின் பெயரைச் சொல்லும்போது, வித்வான்களின் பெயரைச் சொல்லும் அதே மரியாதைதான் அவர் குரலில் இருக்கும். மவுண்ட்பேட்டன் பிரபுவுக்கே விருந்து சமைத்துப் பெயரோடு சேர்த்துக்கொண்ட பட்டம் அது என்பதையும் அவர்தான் சொன்னார்.

கேன்டீன் என்றால் ஹோட்டல் மாதிரி கட்டடம் இல்லை. அரங்கத்துக்குப் பின்னால் பந்தல், மடக்கு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி. மத்தியானம் தலைவாழை இலை. சாயங்காலம் அடை அவியல், வாழைப்பூ வடை, கீரை வடை, காசி அல்வா, ரவா தோசை. பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக வந்தவர்கள் இன்னொருவர் சாப்பிட்டு எழுவதற்காக நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்பார்கள். நேற்றைக்குப் பாடியவரும் பக்கத்தில் நின்று சாம்பார் கேட்பார். எனக்கு அந்தச் சமத்துவம் பிடித்திருந்தது. சமையல்காரர்களுக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாள் வியாபாரம் பெரிதல்ல. அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள். ஒரு வற்றல்குழம்பு தை மாதத்து முகூர்த்தத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். பத்திரிகைகளும் விடுவதில்லை. இந்தப் பக்கம் கச்சேரி விமர்சனம் என்றால் அந்தப் பக்கம் கேன்டீன் விமர்சனம்.

உள்ளே போனால் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் பொறுக்கவில்லை. பிரதான கீர்த்தனை முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கம் எழுந்துவிடும். மிருதங்கக்காரர் அப்போதுதான் சட்டைக் கையை மேலே இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்திருப்பார். அவர் எதிரே நாற்காலிகள் பட்பட்டென்று மடங்கும் சத்தம், அவர் போடுகிற தாளத்தில் சேராமல், அதற்குக் குறுக்கே விழும். எல்லாருடைய காலும் கேன்டீன் பக்கம். எங்கள் செக்‌ஷன் அண்ணனும் அப்படித்தான் போவார். நான் உட்கார்ந்தே இருப்பேன். உறுமியும் பறையும் கேட்டு வளர்ந்தவனுக்கு மற்றதெல்லாம் முன்னுரை, இதுதான் விஷயம். கடைசி மோரா முடிந்து நான் வெளியே வரும்போது ரவா தோசை தீர்ந்திருக்கும். இட்லிதான் மிச்சம்.

சிட்னி ஆப்ரா ஹவுஸுக்குப் போனது மிகவும் பின்னால். மகள் அங்கே வேலையில் இருந்தாள். என் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளை அதற்குள்ளேயே இருக்கும் பென்னலாங் என்ற ரெஸ்டாரன்ட்டில் மேசை சொல்லி வைத்திருந்தார். "மாமா, அங்க செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கங்க" என்று கடைக்குக் கூட்டிப்போய் ஒரு ஜோடி வாங்கியும் கொடுத்தார். நடை பழகுவதற்குள் விரல் புண்ணாகிவிட்டது.

டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வரைந்து, பாதியில் விலகிப் போய், 1973இல் எலிசபெத் ராணி திறந்து வைத்த கட்டடம். வெளியிலிருந்து வெள்ளை வெளேரென்று தெரிகிற அந்தக் கூரைகளின் மேல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகள் பதித்திருக்கிறார்கள். கூரைகளில் சின்னதாக, தனியே நிற்கிற ஒன்றின் அடியில்தான் சாப்பாட்டு இடம். உள்ளே கான்கிரீட் விலா எலும்புகள் மேலே வளைந்து போகின்றன. கண்ணாடிக்கு அப்பால் துறைமுகமும் இரும்புப் பாலமும். இடத்துக்குப் பெயர் கொடுத்த பென்னலாங், வெள்ளைக்காரர்கள் வந்திறங்கிய காலத்தில் அங்கே வாழ்ந்த பூர்வகுடி மனிதர். அவர் குடிசை இருந்த முனைதான் அது. துரைமார்களுக்கும் தன் சனத்துக்கும் நடுவே பேசிப் பேசியே ஓய்ந்துபோனவர். அந்த ஊர்ச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் நெருக்கமாகத் தோன்றிய ஆள்.

பரிமாறியவர் உட்கார்ந்ததுமே ஒன்று கேட்டார்: இன்றைக்கு நிகழ்ச்சி பார்க்கப் போகிறீர்களா, எத்தனை மணிக்கு? அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு தட்டும் வந்தது. மணி அடித்தபின் தாமதமாகப் போனால் இடைவேளை வரைகூட வெளியே நிற்க வேண்டிவரலாமாம். அங்கே அடுப்பு பாட்டுக்கு அடங்கி நடக்கிறது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பாட்டுதான் அடுப்பைப் பார்த்து நடக்கும். தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்களை இங்கே கொண்டுவந்து ஒருநாள் நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டுகள் பெரிது, பண்டம் சிறிது. ருசியில் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் ஒரு இனிப்பு வந்தது. வெள்ளை மெரிங் தகடுகளை அந்தக் கட்டடத்தின் கூரை வடிவிலேயே செருகி நிறுத்தியிருந்தார்கள். பாவ்லோவா. 1926இல் அந்தப் பக்கம் ஆட வந்த ரஷ்ய நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் பெயர். அதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னமும் சண்டை போடுகின்றன. மகள் இன்னொன்றும் சொன்னாள். பீச் மெல்பா இருக்கிறதே, அது ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பாவுக்காக லண்டன் சவாய் ஹோட்டலில் எஸ்காஃபியே என்ற சமையல்காரர் செய்தது. ஆடினவள் பெயரில் ஒரு பண்டம், பாடினவள் பெயரில் ஒரு பண்டம். நம் ஊரில் மைசூர்பாகுக்கு ஊர் பெயர் வைத்தோம், திருநெல்வேலிக்கு அல்வாவைக் கொடுத்தோம். ஒரு பாடகி பெயரில் ஒரு வடைகூட இல்லை. கே.பி. சுந்தராம்பாள் பெயரில் ஒரு பணியாரம் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று?

பில் வந்தது. மாப்பிள்ளை எனக்குத் தெரியாமல் மடித்தார். நான் எட்டிப் பார்த்து மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டேன். அப்போதுதான் அப்பா குரல் காதில் விழுந்தது. இத யாருடா தூக்கிட்டு வந்தா? அந்தக் கண்ணாடிச் சுவருக்குள் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அப்பாவை அப்படிப்பட்ட இடத்துக்குக் கூட்டிப்போகக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் ஒரு மார்கழியில் அவரை சபாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கண் ஆபரேஷனுக்காக மலை இறங்கிச் சென்னை வந்திருந்தார். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் கட்டிப்போட்டுவிட்டேன் என்று என் மேல் தீராத கோபம். வெள்ளகவியில் அப்போது வாசலுக்கு வாசல் சிவப்புப் பழம் காய்ந்துகொண்டிருக்கும். "அதுகளப் புரட்டிப் போட ஆளில்லாம பூஞ்சை பிடிக்கும். இங்க நான் பாட்டுக் கேக்கணுமாக்கும்."

சபா வாசலில் செருப்பைக் கழற்றினார். "உள்ள போட்டுக்கலாம்ப்பா" என்றேன். "உள்ள சாமி பாட்டுத்தானடா பாடறாங்க?" என்று கேட்டுவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் வெறும் காலுமாக நடந்தார். செக்‌ஷன் அண்ணன் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அப்பா பாட்டைக் கேட்டாரா, தூங்கினாரா என்று கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியது. வழக்கம்போல் அரங்கம் எழுந்தது. அண்ணனும் எழுந்தார். அப்பா அவர் வேட்டி நுனியைப் பிடித்துவிட்டார்.

"உக்காருங்க தம்பி. தோலு பேசறப்ப எந்திரிக்கக் கூடாது. சாமி வர்ற நேரம்."

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் மேடையைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடங்களில் அவர் முழுதாகக் கேட்ட முதல் தனி அதுவாகத்தான் இருக்க வேண்டும். முடிந்ததும், "பிரமாதமா வாசிக்கறான்யா" என்று ஏதோ புது வித்வானைக் கண்டுபிடித்ததைப்போல் சொன்னார். அன்றைக்கு ரவா தோசை அவருக்கும் கிடைக்கவில்லை.

கேன்டீனில் அப்பா இட்லியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாயை நாக்கிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு டபராவோடு எழுந்து தட்டி மறைப்பைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே இடுப்பில் துண்டோடு பத்துப் பேர், புகை, தரையெல்லாம் ஈரம். மூலையில் அரிசி மூட்டைகளின் மேல் ஒரு பையன் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தான். காப்பி போடுகிறவர் கும்பகோணம் பக்கத்து ஆள். அப்பா அவரிடம் அந்த மூட்டைகளைக் காட்டி, லாரியிலிருந்து இவ்வளவு தூரம் யார் தூக்குகிறார்கள் என்று கேட்டார். அவர் தூங்குகிற பையனைக் காட்டினார். அதன் பிறகுதான் இருவரும் சரிசமமாகப் பேச ஆரம்பித்தார்கள். கொட்டை எந்த ஊர், எவ்வளவு வறுவல், சிக்கரி எத்தனை பங்கு என்று அரைமணி நேரம் ஓடியது. அடுத்த கச்சேரி தொடங்கிவிட்டது, யாரும் கவலைப்படவில்லை. சிக்கரி கலப்பதைக் கேட்டபோது மட்டும் அப்பா முகம் சுருங்கியது. விஷயம் தெரிந்தவரிடம் மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

அடுத்த மார்கழிக்குள் ஒரு துணிப்பை வந்து சேர்ந்தது. எங்கள் தோட்டத்துக் காப்பிக் கொட்டை. வெள்ளகவியிலிருந்து கும்பக்கரைக்குச் சித்தப்பா தலையில், அங்கிருந்து பஸ், பிறகு ரயில். யார் யார் தூக்கி வந்தார்கள் என்று ஒரு சீட்டில் பெயர் வரிசையே எழுதியிருந்தது. கேன்டீன் காப்பிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் நேர்மையானவர். வறுத்து, அரைத்து, அவர் கணக்குப்படியே பால் விட்டு எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்து, தானும் குடித்தார்.

"வாசனை அபாரம். ஆனா உடம்பு போதாது சார். எங்க பாலுக்குத் தாங்காது. ஆயிரம் பேருக்கு இதைப் போட்டா திருப்பிக் கொண்டுவந்துடுவா."

ஊருக்குப் போனபோது தயங்கித் தயங்கி அப்பாவிடம் இதைச் சொன்னேன். களத்தில் உட்கார்ந்து பழம் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"அப்பப் பாலைக் கம்மி பண்ணச் சொல்லு."